பெயிண்டரின் வீட்டுக்காரி

பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவளுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்காத ஆள் இல்லை. டாக்டரே கேட்டுவிட்டார்: "ஏம்மா, வாரம் பூரா பல்வலிக்காரங்க முனகுறதைக் கேக்குறே. லீவு நாள்லயாவது காதுக்கு ஓய்வு குடுக்கக் கூடாதா?" அவள் சிரித்து மழுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போதை மறுவாழ்வு மையத்தின் மாடியில் கவுன்சிலிங் வகுப்பு நடக்கும். குடியிலும் மாத்திரையிலும் மாட்டிக்கொண்டவர்களிடம் எப்படி உட்கார்ந்து பேசுவது என்று சொல்லித் தருகிற வகுப்பு. ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டால் எல்லோரும் சேவை, சேவை என்பார்கள். நம் டோக்கனம்மாவும் அப்படித்தான் சொல்லிச் சேர்ந்தாள். (நோயாளிகள் வைத்த பெயர் அது. நாமும் அதையே வைத்துக்கொள்வோம்.) ஆனால் அது சுத்தப் பொய்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கிடந்தான். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கை சுத்தமான வேலைக்காரன், ஆனால் குடித்துக் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டு, மாடிப்படியில் உருண்டு தோளையும் உடைத்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தான். தினமும் ஒரு கவுன்சிலர் அவனை உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்துவார். போகும்போது கல் மாதிரி போகிறவன் வெளியே வரும்போது கண் சிவந்து வருவான். "என்னங்க பேசினீங்க?" என்று கேட்பாள். "சும்மாதான்" என்பான். அவளுக்கு வயிறு எரியும். கட்டினவளிடம் இத்தனை வருஷமாக வாயைத் திறக்காத மனுஷன், முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் போய் அழுகிறானே. அந்த ஆள் அப்படி என்ன மந்திரம் போடுகிறார்? அதைக் கற்றுக்கொள்ளத்தான் மாடி ஏறினாள். பொறாமை, வேறென்ன.

மெக்கானிக் தேறி வீட்டுக்கு வந்தான். குடியை விட்டான். ஆனால் ஈரல் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை அவள் மறக்கவே இல்லை. "மறுபடி ஆரம்பிச்சார்னா என்கிட்ட கூட்டிட்டு வராதீங்கம்மா. நான் செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது." இதை அந்த டாக்டர் ஏதோ பஸ் நிற்காது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அன்றிலிருந்து அவன் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அவள் மூக்கு முதலில் வேலை செய்யும், வாய் அப்புறம்தான்.

வகுப்பில் அவள் படாத பாடு பட்டாள். அங்கே பாடம் நடத்துகிற டீச்சர் ஒல்லியான மனுஷி, குரலே எழாது. ஆனால் கண்ணில் எதுவும் தப்பாது. எதிரே இருப்பவர் என்ன சொன்னாலும் முகம் மாறக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, அவர் சொன்னதையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், அவர் சும்மா இருந்தால் நாமும் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதா? டோக்கனம்மாவுக்கு அது மூச்சை அடக்குகிற மாதிரி இருந்தது. "நீங்க அவரைப் பேச விடுறீங்களா, இல்லை அடுத்த ஆளைக் கூப்பிடுறீங்களா?" என்று டீச்சர் கேட்க, வகுப்பே சிரித்தது.

ஒருவர் கவுன்சிலராகவும் இன்னொருவர் குடிக்கிறவராகவும் நடித்துப் பழக வேண்டும் என்பது வீட்டுப்பாடம். அதற்கு ஒரு கண்டிஷன் உண்டு. வீட்டு மனிதர்களோடு பழகக் கூடாது, சொந்தக் கதையையும் எடுக்கக் கூடாது. டீச்சர் இதை அடிக்கடி சொல்வாள். டோக்கனம்மாவுக்கு ஜோடியாக வந்த நர்ஸுக்கு வேலை நேரம் மாறிப் போக, பழக ஆள் இல்லாமல் போயிற்று. பரீட்சையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"நான் வரேனே" என்றான் மெக்கானிக், ஸ்க்ரூ டிரைவரால் காதைக் குடைந்துகொண்டே. "என்னைவிட அனுபவஸ்தன் உனக்கு எங்க கிடைப்பான்?"

"வீட்டு ஆள் கூடாதாம்."

"வீட்டு ஆள் யாரு? நான் பெயிண்டர். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவன். பொண்டாட்டி இருக்கா, அவ வாய் காதுவரைக்கும். இது போதாதா?"

மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பாவுக்கு நடிக்கத் தெரியாதும்மா, பாவம்" என்றாள். இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று டோக்கனம்மாவும் ஒத்துக்கொண்டாள். டீச்சரிடம் சொல்லவில்லை.

சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டு, இரண்டு நாற்காலியைச் சற்றுச் சாய்த்து, வகுப்பில் சொன்ன மாதிரியே போட்டாள். மெக்கானிக் வாசலுக்குப் போய், செருப்பை மாட்டிக் கழற்றிவிட்டு, கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தான். "வணக்கம் மேடம். உக்காரலாமுங்களா?" என்றான். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். டோக்கனம்மா சிரிக்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நீ, வா, போ, ஏய் தவிர வேறு கேட்டறியாத வாயிலிருந்து 'மேடம்' வந்தது அவளுக்கு உள்ளுக்குள் தித்தித்தது. இதை ஒத்துக்கொள்ள வெட்கம்தான், ஆனால் தித்தித்தது.

முதல் சில நாள் கூத்தாகத்தான் இருந்தது. பெயிண்டர் தள்ளாடினான், விக்கினான், ஏணியிலிருந்து விழுந்த கதையைச் சொன்னான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏணியில இருந்து விழுந்தது உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்று திருப்பிச் சொன்னாள். "விழுந்தா கஷ்டமா இல்லாம குஷியாவா இருக்கும் மேடம்?" என்றான் அவன்.

அப்புறம் ஒருநாள் அவள் கேள்வி எதுவும் தோன்றாமல் பேசாமல் இருந்துவிட்டாள். அவனும் பேசவில்லை. ஃப்ரிட்ஜ் உறுமி ஓய்ந்தது. அப்போது பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டு பேச ஆரம்பித்தான்.

"வேலை முடிஞ்சு ஏணியை இறக்குற நேரம் இருக்கே மேடம், அதுதான் ஆகாது. வேலை செய்யுறப்ப கை ஏதோ ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. இறக்கி வெச்சதும் கைக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை. வீட்டுக்குப் போகலாம். போனா எல்லாரும் என் முகத்தையே பாக்குறாங்க. மோந்து பாக்குறாங்க. குடிக்காத நாள்லயும் குடிச்சவன் மாதிரியேதான் உள்ள போறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் முகத்தை மாற்றவில்லை. "குடிக்காதப்பவும் உங்களை நம்ப மாட்டேங்குறாங்கன்னு தோணுது" என்றாள்.

"ஆமாங்க மேடம்" என்றான். இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன ஒன்றுக்கு அவன் ஆமாம் போட்டது அன்றுதான்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கதவுக்குப் பின்னால் நடந்த விஷயம் இப்போது தன் சாப்பாட்டு மேசையில் நடக்கிறது! மந்திரம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தாள். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும்போதுகூட சாயங்காலத்தை நினைத்துக்கொண்டிருந்தாள். பெயிண்டர் சொல்வதெல்லாம் பழைய கதை, மனதில் தேங்கிக் கிடந்தது வெளியே வருகிறது, வரட்டும் என்று விட்டாள். சும்மா சொல்லக் கூடாது, அந்த நாட்களில் அவர்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது வந்தது.

"ஒருநாள் கடையில வாங்கிப் பைக்குள்ள வெச்சுட்டுத் திரும்புறேன் மேடம். எதிர்ல பஸ் ஸ்டாப்ல என் பொண்ணு நிக்குது. சினேகிதிங்ககூட. கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் போட்டுக்கிட்டு இருக்கு, இன்னும் பழகலை. சட்டுனு ஒரு லாரி பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். பெத்த பொண்ணைப் பாத்து ஒளியறேன். அது பஸ் ஏறிப் போற வரைக்கும் லாரி டயர்கிட்ட குந்திக்கிட்டே இருந்தேன்."

மகளுக்குக் கண்ணாடி போட்டது போன மாதம்.

டோக்கனம்மா மனதுக்குள் நாளை எண்ணிப் பார்த்தாள். பழைய கதை இல்லை இது. பழகின பழக்கம் பாருங்கள், முகம் மட்டும் அப்படியே இருந்தது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு, தன் குரல்தானா என்று தனக்கே சந்தேகம் வரும்படி கேட்டாள்: "ஒளிஞ்சுக்கிட்டு இருந்தப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"செத்துடலாம்னு இருந்துச்சு மேடம்" என்றான் பெயிண்டர். பிறகு எழுந்து, கையை நீட்டிச் சோம்பல் முறித்து, மெக்கானிக்காக மாறி, "சாப்பாடு எடுத்து வை, பசிக்குது" என்றான்.

அவள் எடுத்து வைத்தாள். வாய்வரைக்கும் வந்ததை மென்று விழுங்கினாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு, அவனும் மகளும் வெளியே போனதும் வீட்டைப் புரட்டிப் போட்டாள். மந்திரம் கற்றவள், பொறுமையாக யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பரண், பீரோ, தண்ணீர்த் தொட்டி, அவன் டூல்ஸ் பை, எல்லாம் பார்த்தாள். பின்கட்டில் உயிரை விட்ட ஒரு ஃப்ரிட்ஜ் நின்றது. யாரோ தலைமுழுகிவிட்டுப் போனது, உதிரி பாகத்துக்காக வைத்திருந்தான். அதன் முதுகுப் பக்கம் கம்ப்ரஸர் இருக்க வேண்டிய இடத்தில் கம்ப்ரஸர் இல்லை. துணியில் சுற்றிய பாட்டில்தான் இருந்தது, பாதி காலியாக.

சாயங்காலம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது அதைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள்.  

மகள் பாட்டிலைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து அறைக்குள் போய்விட்டாள். கதவு சாத்தின சத்தம்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாகச் சாத்தினாள்.

மெக்கானிக் முகம் வெளுத்தது, பிறகு கறுத்தது. "இது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே சொன்னீங்க."

"நான் எங்க சொன்னேன்? பெயிண்டர் சொன்னான். மேடம்கிட்ட சொன்னான்." விரலை அவள் பக்கம் நீட்டினான். "உங்கிட்ட சொன்னேனா? சொல்லு. ஒரு வார்த்தை உங்கிட்ட சொன்னேனா?"

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! கையும் களவுமாகப் பிடிபட்டவன் நியாயம் பேசுகிறான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குடிச்சதும் இல்லாம சட்டம் வேற பேசுறீங்களா? உங்க ஈரலுக்கு இந்தச் சட்டம் தெரியுமா? நாளைக்கு நீங்க போய்ச் சேர்ந்தா நானும் இவளும் பெயிண்டருக்கா அழுவோம்?" என்று ஆரம்பித்தவள், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தித் தீர்த்தாள். பாதியில் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் எப்போதும் அப்படித்தான்.

கத்தி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கவுன்சிலரிடம் சொன்னது அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது வகுப்பின் முதல் பாடம். அவன் சொன்னது திமிர்தான், ஆனால் தப்பில்லை. பொண்டாட்டியாக அவள் செய்தது சரி. மேடமாக அவள் செய்தது அயோக்கியத்தனம். இரண்டு பேரும் ஒரே உடம்புக்குள் இருந்தால் யாரைத் திட்டுவது?

அதன் பிறகு வீட்டில் பேச்சு மூச்சில்லை. அவன் வருவான், சாப்பிடுவான், படுப்பான். குடிக்கிறானா, இல்லையா? அவள் மூக்கு மறுபடி வேலைக்கு வந்துவிட்டது. சாய்த்துப் போட்ட அந்த இரண்டு நாற்காலிப் பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டிருந்த ஒரே வாயையும் தானே தைத்துவிட்டோமே என்று அவள் உள்ளுக்குள் வெந்தாள். மகள் இரண்டு பேரோடும் பேசாமல் காதில் எதையோ மாட்டிக்கொண்டு திரிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பூசி மெழுகாமல், பெயிண்டர் முதல் பாட்டில் வரை. டீச்சர் முகம் மாறவே இல்லை. அந்த மாறாத முகத்தைப் பார்க்க டோக்கனம்மாவுக்குப் பயமாக இருந்தது. இந்த முகத்தைத்தானே நானும் அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தாள்.

"நீங்க அவருக்குக் கவுன்சிலர் இல்லைம்மா" என்றாள் டீச்சர். "ஆகவும் முடியாது. நல்லா செஞ்சீங்க, அதான் இன்னும் மோசம். பெயிண்டர் பேர்ல உண்மையைச் சொல்லி அவர் உங்களை ஏமாத்தாம ஏமாத்திக்கிட்டு இருந்தார். நீங்களும் மேடம் பேர்ல அப்படித்தான். நாளைக்குக் காலையில கீழ பழைய கவுன்சிலர் இருப்பார். அவரை வரச் சொல்லுங்க."

"நான் சொன்னா வருவாரா மேடம்?"

"தெரியாது. அவர் வந்தாலும், உள்ள என்ன பேசுறார்னு உங்களுக்குத் தெரியாது. அது உங்களால முடியுமா?"

 அதுதானே டோக்கனம்மாவால் முடியாதது. அதற்காகத்தானே இத்தனை படி ஏறினாள்.

அவள் வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மெக்கானிக் உள்ளே வந்தான். இருட்டவில்லை இன்னும். மகள் சினேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அவன் கேட்டான்: "மேடம் இருக்காங்களா?"

அவள் குழாயை மூடினாள். டீச்சர் சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் கூப்பிடுகிறானே. கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க."

"வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சுபோச்சு மேடம்."

"ம்."

"அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா நான் இன்னும் சொல்லலை. ரெண்டும் ஒண்ணு இல்லைங்களே." அவன் மேசையில் இல்லாத தூசியைத் தட்டினான். "எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. வாயைத் திறந்தா அவ முகம் மாறிடுது. அதைப் பாத்ததும் எனக்குப் பாதியிலேயே பொய் வந்துடுது. நானா சொல்லணும்னு நெனைக்கிறதில்லை. தானா வந்துடுது."

இதைக் கேட்கத்தானே அவள் இத்தனை வருஷம் காத்திருந்தாள்.  என்ன செய்வது என்று தெரியாமல் வகுப்பில் படித்ததைப் பிடித்துக்கொண்டாள். "என்கிட்ட சொல்லிப் பாருங்க. நான்தான் உங்க வீட்டுக்காரின்னு வெச்சுக்கோங்க."

அவள் மேடமாக நடிக்க, அந்த மேடம் பெயிண்டரின் பெண்டாட்டியாக நடிக்க, பெயிண்டராக நடிப்பது அவள் புருஷன். உங்களுக்குத் தலை சுற்றுகிறதா? அவளுக்கும் சுற்றியது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "இந்தா..." என்றான். மறுபடி குனிந்துகொண்டான். "மழைக்காலம் ஆரம்பிச்சப்ப ஒருநாள் வேலை இல்லை. சும்மா நடந்து போனேன். ஒரே ஒரு தடவைன்னு நெனைச்சேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்தப்ப நீ ஒண்ணும் கண்டுபிடிக்கலை. அதான் எனக்குத் தாங்கலை. கண்டுபிடிச்சிருந்தா நின்னுருப்பேனோ என்னமோ. உன்னைக் குத்தம் சொல்லலை. என்னைத்தான் சொல்றேன்."

அவள் முகம் மாறவில்லை. "இதை என்கிட்ட சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க. இப்படிச் சொல்ல ரொம்பத் தைரியம் வேணும்" என்றாள் நிதானமாக.

அவன் வேகமாகத் தலையை ஆட்டினான். "இல்லைங்க மேடம். அவ இப்படிப் பேச மாட்டா. இப்படிப் பேசினா எனக்குப் பயமா இருக்கும், விட்டுட்டுப் போயிடப் போறான்னு."

"அப்ப எப்படிப் பேசுவாங்க?"

"கத்துவா."

"கத்தினா நீங்க என்ன செய்வீங்க?"

"எழுந்து போயிடுவேன்."

அவ்வளவுதான், அவளால் அதற்கு மேல் அந்த நாற்காலியில் இருக்க முடியவில்லை. எழுந்து நின்றாள். "மேடம் இனிமே வர மாட்டாங்க" என்றாள். "அவங்க வேலையை விட்டுட்டாங்க."

அவன் முகத்தில் அப்படி ஒரு திகிலை அவள் பார்த்ததே இல்லை. "அப்ப நான் யார்கிட்ட சொல்லுவேன்?"

"நாளைக்குக் காலையில அந்தப் பழைய கவுன்சிலர் இருப்பாராம். நானும் கூட வரேன். உள்ள நீங்க என்ன பேசினாலும் நான் கேக்க மாட்டேன். வெளியில வந்தப்புறமும் கேக்க மாட்டேன். பொண்ணு மேல சத்தியமா கேக்க மாட்டேன்." சொல்லும்போதே வலித்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் இப்ப தெரியணும். பெயிண்டர் வேண்டாம். நீங்க சொல்லுங்க. இன்னைக்குக் குடிச்சீங்களா?"

ஆமாம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேள்வி கேட்பவர்களை டீச்சர் பரீட்சையில் தேற விடமாட்டாள். போகட்டும். அவள் முகத்தை அடக்கவும் இல்லை. அது தன் போக்கில் கோணிக்கொண்டு போயிற்று, கண் நிரம்பியது, மூக்கு ஒழுகியது. அவன் அதையெல்லாம் பார்த்தான். பொய் அவன் உதடுவரைக்கும் வந்தது அவளுக்கே தெரிந்தது.

"குடிச்சேன்" என்றான் மெக்கானிக். "மத்தியானம்."

அவள் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. ஈரல், லாரி, டயர், மகள், செத்துப்போன ஃப்ரிட்ஜ் என்று எல்லாம் அதில் இருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவன் செருப்பு வாசலில்தான் கிடந்தது, அவன் ஒரு தடவை அதைத் திரும்பிப் பார்த்தான். நாளைக்குக் காலையில் வருவானா, மாட்டானா என்று அவளுக்குத் தெரியாது. அவள் கத்திக்கொண்டே இருந்தாள். அவன் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான்.